அன்னப்பழம் செலவழிக்காத சொல்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த மலையின் பேச்சு எங்கே சொன்னாலும் ரெண்டு முழத்துக்கு மேல் போகாது, பாதியை மூடுபனி தின்றுவிடும், மிச்சப் பாதி வேறு யாரோ பேசினது மாதிரி காதுக்கு வந்து சேரும். அதனால்தான் தள்ளி உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லாரும் இதைப் பேய்க்கதை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். பேய் இதில் கிடையாது. கதவு உண்டு, கதவுக்குள்ளே ஆள் உண்டு, ரெண்டு பொம்பிளைகள் உண்டு. நடுவில் யாராவது எழுந்து போவதாக இருந்தால் கதவைச் சாத்தாமல் போங்கள்.

கருஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் கீழ் டிவிஷன் லைன் வீடுகள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீடு வரைக்கும் இருமல் போகும், ஒரு வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டில் சாட்சி இருக்கும். மழை வெறித்துப் பனி இறங்கின ஒரு காலையில், அந்த வரிசையில் இருந்த கொழுந்து பறிக்கிற குருவம்மா, அடுப்புச் சாம்பலைக் கொட்டலாம் என்று தாழ்ப்பாளை விலக்கிக் கதவை இழுத்தாள், கதவு வரவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று தோளைக் கொடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், இடது பக்கத்துச் சுவரிலும் தோள் மோதுகிற சத்தம், வலது பக்கத்துச் சுவரிலும் அதே சத்தம், வரிசை முழுக்கக் கதவோடு மல்லுக்கட்டுகிறது. பச்சைப் பெயின்ட் அடித்த பலகையில் யாரோ ஈரவிரலால் எழுதினது மாதிரி மூன்று எழுத்து இருந்தது. துணியால் துடைத்தாள். துணியை எடுத்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று கத்திப் பேசி, அவை இங்கிலீஷ் எழுத்து என்றும் வீட்டுக்கு வீடு வேறே வேறே என்றும் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

முதல் கதவு திறந்தது அதே வரிசையில் இருந்த இசக்கிமுத்துவுக்குத்தான். முந்தின நாள் சாராயம் இன்னும் தலையில் இருந்தது அவனுக்கு. கதவு தன்னை வம்புக்கு இழுக்கிறது என்று நினைத்து, முந்தின நாள் மலையில் வேலை வாங்குகிற கண்டக்டர் அவனைச் சொன்ன சொல்லையே கதவைப் பார்த்துச் சொன்னான், ராஸ்கல் என்று. கதவு பணிவாக விலகி வழிவிட்டது. அவன் கதவில் இருந்த எழுத்து எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று பிள்ளைகள் எழுத்துக்கூட்டிச் சொன்னார்கள். அன்றைக்கு இருட்டுவதற்குள் வரிசைக்கே விஷயம் விளங்கிவிட்டது: உன் கதவில் விழுந்த எழுத்து எல்லாம் குடியிருக்கிற ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொன்னால் கதவு திறக்கும், சொல்லாவிட்டால் ஃபேக்டரியில் சாயங்காலச் சங்கு ஊதும்போதுதான் திறக்கும்.

எப்படி, எதனால் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்குக் கூலி, பிந்திப் போனால் அரைப்பேர், பாதிக் கூலிதான், போகாவிட்டால் அடுப்பில் பூனை. கூலிக்குப் போகிற ஜனத்துக்குக் கதவு ஏன் அடைத்தது என்பது ஒரு கேள்வியே இல்லை, எப்படித் திறப்பது என்பதுதான் கேள்வி. கோடாலி போட்டுப் பார்த்தார்கள், கோடாலி மழுங்கியது. ஜன்னல் கம்பியை அறுத்தார்கள், அறுத்த இடத்தில் இன்னொரு கம்பி நின்றது. கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள், பிரித்த தகரத்துக்குக் கீழே இன்னொரு தகரம் இருந்தது. கதவைத் திறந்துபோட்டுப் படுத்தார்கள், விடியும்போது அது தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. பங்களாக் கதவில் ஒரு எழுத்தும் விழவில்லை. ஆபீஸ் ஸ்டாஃப் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு எழுத்து விழுந்தது, அதை அவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே திறந்து வெளியே வந்தார்கள். லைன் வீடுகளில் மூன்று, நான்கு, சில நாளைக்கு ஐந்து.

அந்தக் கதவுகளுக்கு ஒரு குணம் இருந்தது. டிக்‌ஷனரியைக் கொண்டுவந்து முதலில் இருந்து கடைசி வரைக்கும் படித்துக் காட்டினாலும் அசையாது. ஒருத்தர் சொல்லிக்கொடுத்து இன்னொருத்தர் சொன்னாலும் அசையாது. உன் முகத்தைப் பார்த்து, உனக்கென்று, மனசறிந்து யாராவது எப்போதாவது சொல்லியிருந்த சொல்லாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு கதவு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதோடு அந்தச் சொல் எஸ்டேட்டுக்கே தீர்ந்தது, வேறு யாருக்கும் அது திறக்காது. திறக்காத சொல் மட்டும் செலவாகாமல் சொன்னவரிடமே திரும்பி வரும். அதில் ஒன்றிரண்டு எழுத்து பொருந்தினால் கதவு லேசாக அதிரும், அவ்வளவுதான்.

நினைத்துப் பாருங்கள், கொழுந்து பறிக்கிறவளுக்கும் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கும் யார் இங்கிலீஷில் என்ன சொல்லியிருப்பார்கள். அதனால் தினமும் விடிகிற நேரத்தில் கீழ் டிவிஷன் வரிசை முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு வீட்டில் இடியட், அடுத்த வீட்டில் யூஸ்லெஸ், அதற்கடுத்து லேஸி, அப்புறம் ஷட்டப், கெட்டவுட், நான்சென்ஸ், டேமிட். ஆம்பிளைக் குரலில் ஒன்று, பொம்பிளைக் குரலில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை குரலில் சைலன்ஸ் என்று ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதவு கிறீச் என்று திறக்க, வளைவில் திரும்புகிற முதல் பஸ்ஸின் டிரைவர் அங்கே ஏதோ பெரிய கலவரம் என்று நினைத்து நிறுத்தாமலே ஓட்டிக்கொண்டு போனான். வாழ்க்கையில் யார் அதிகமாகத் திட்டு வாங்கினார்களோ அவர்களே பணக்காரர்கள். இசக்கிமுத்துவுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனுக்கு வெற்றிலை கொடுத்தார்கள், அண்ணாச்சி என்றார்கள், எங்கள் கதவுக்கு ஒரு வார்த்தை வந்து சொல்லிவிட்டுப் போங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் ராஜா மாதிரி வரிசையில் நடந்து இங்கே ஒரு ஃபூல், அங்கே ஒரு பஃபலோ என்று எறிந்துகொண்டே போவான்.

ஆனால் அந்தச் சொல் போகும்போது சும்மா போகவில்லை. சொன்ன நாளையும் கூட்டிக்கொண்டு போனது. யார் சொன்னார்கள், எங்கே நின்று சொன்னார்கள், அன்றைக்கு மழையா வெயிலா, அன்றைக்கு நெஞ்சு எப்படி எரிந்தது, எல்லாம் கதவு திறக்கிற நேரத்தில் மனசில் இருந்து கழுவினது மாதிரிப் போய்விடும். முதலில் எல்லாரும் இதை நல்லது என்றார்கள். இசக்கிமுத்து தன் சொல் எல்லாவற்றையும் செலவழித்து முடித்த அன்றைக்குச் சாராயக் கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். அண்ணாச்சி திருந்திவிட்டார் என்று ஊர் சொன்னது. அவன் பெண்டாட்டி மட்டும் குழாயடியில், திருந்தவும் இல்லை ஒன்றும் இல்லை, குடியிருக்க ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறார், கூப்பிட்டால் எதிரொலிதான் வருகிறது என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இந்த நேரத்தில்தான் குருவம்மாவின் ஒரே மகள் சந்தனமாரி, திருப்பூரில் கட்டிக்கொடுத்தவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கேயே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தான். முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் என்பது இவர்கள் வழக்கம், அதை மீறினால் நாளைக்குப் பேச்சு வரும் என்று குருவம்மாதான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாள் நெருங்கினதும் எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுக்கவைத்துவிடுவது என்று எண்ணியிருந்தாள். அதற்கு முந்தியே ஏதாவது ஆனால்? வலி வந்த காலையில் கதவு திறக்காவிட்டால்? தனக்கு ஒரு நீளச் சொல் வேண்டும் என்று குருவம்மா முடிவு பண்ணினாள். நீளச் சொல்லில் எழுத்துகள் குடும்பத்தோடு குடியிருக்கும், எந்தக் கதவுக்கும் ஒத்துவரும்.

அந்த ஆசை அவளுக்கு மட்டும் இல்லை. அப்போது எஸ்டேட்டே திட்டு வாங்க அலைந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே பிந்திப் போனார்கள், வேண்டுமென்றே உரத்தை ஓடையில் கொட்டினார்கள், ஒருத்தன் துரையின் ஜீப்புக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டான். துரை என்றால் வெள்ளைக்காரன் இல்லை, அவர்கள் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, ஆனால் மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அங்கே துரைதான். குருவம்மா மற்றவர்களை மாதிரி அவசரப்படவில்லை. அந்த மனிதனைக் கூர்ந்து கவனித்தாள். கோபத்தில் அவருக்கு வருவது எல்லாம் குட்டைச் சொல்; சலிப்பில்தான் நீளமாக வருகிறது. அதனால் அவருக்குக் கோபம் வரவைக்காமல் சலிப்பு வரவைத்தாள். கூடையில் முற்றின இலையும் காம்பும் கலந்து நிறுக்கப் போட்டாள், ஏன் என்று கேட்டதற்கு மறந்துவிட்டேன் துரை என்றாள், என்ன மறந்தாய் என்றதற்கும் அதையே சொன்னாள், மூன்றாம் தடவையும் அதையே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அவளைப் பார்த்து, பெருமூச்சோடு இர்ரெஸ்பான்சிபிள் என்றார். குருவம்மா வெட்கப்பட்டவள் மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மலை இறங்கினாள். அன்றைக்கு அரைப்பேர் வெட்டு. அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ காலை கதவு அடைத்துக் கூலி போன போதும் அந்தச் சொல்லை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை, மகளுக்கென்று வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் அன்னப்பழம், குருவம்மாவின் செத்துப்போன புருஷனுக்கு அக்கா. பங்களா அடுப்படியில் ஆயா வேலை. கெட்டிக்காரி என்றால் அந்த மலையில் அவளைத்தான் சொல்வார்கள். பூனைக்குத் தெரியாமல் பாலைக் காய்ச்சுகிறவள் என்று அவள் தம்பியே சொல்லிச் சிரித்தது உண்டு. சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குருவம்மா முணுமுணுத்த நீளச் சொல்லை அவள் கேட்டாள். மறுநாள் துரைசானிக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டே, ஜனங்கள் எல்லாம் திட்டு வாங்குவதற்காகவே தப்புப் பண்ணுகிற கூத்தைச் சொன்னாள். துரைசானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சாப்பாட்டு மேஜையில் அதைத் துரைக்குச் சொன்னாள். அன்னப்பழம் அதைப் பொறாமையில் செய்தாளா, பங்களாவில் ஒருத்தரைச் சிரிக்கவைத்த சந்தோஷத்தில் செய்தாளா, இல்லை அப்போதே கணக்குப் போட்டுத்தான் செய்தாளா, அது அவளுக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

மறுநாளில் இருந்து துரை தமிழுக்கு மாறிவிட்டார். வாங்கம்மா, போங்கம்மா, ஏனய்யா பிந்தினீர்கள் என்று அப்படி ஒரு பதவிசு. கண்டக்டருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அதே உத்தரவு. முன்னால் திட்டிவிட்டுப் பேரை வெட்டினவர்கள் இப்போது திட்டாமலே வெட்டினார்கள், தயவுசெய்து என்று சொல்லி வெட்டினார்கள், வெட்டுப்பட்டவன் கும்பிட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அப்படி ஒரு மரியாதையை அந்த ஜனங்கள் தங்கள் பிறப்பில் பார்த்ததில்லை, அப்படி ஒரு பட்டினியையும் பார்த்ததில்லை. புதுசாக இங்கிலீஷ் சொல் விழுகிற ஒரே இடம் பங்களா அடுப்படிதான் என்று ஆயிற்று. குவிக், வாஷ், க்ளீன், கேர்ஃபுல் என்று தினமும் நாலு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு அன்னப்பழம் மலை இறங்குவாள். யாருக்காவது கதவு திறக்கவேண்டும் என்றால் ஜன்னல் வழியாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் வருவாள். அதற்குப் பதிலாக ஒரு வீட்டார் அவளுக்கு விறகு பொறுக்கிப் போட்டார்கள், ஒரு வீட்டார் குழாயடியில் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள்.

மற்றவர்கள் வேறு வழி பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் ரெண்டு பேர் ஒருத்திக்கொருத்தி உதவியாக இங்கிலீஷில் திட்டிக்கொள்வோம் என்று ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்ன சொல்லுக்குக் கதவு அசையவில்லை. மனசறிந்து சொல்ல வேண்டுமே. அதற்காகப் பழைய பகையைக் கிளறினார்கள், நீ என் கோழியை அடித்தாய், நீ என் புருஷனைப் பார்த்தாய் என்று, கோபம் நிஜமாக வருகிற வரைக்கும் கிளறி, வந்ததும் அந்தச் சூட்டோடு ஒரு சொல்லைச் சொன்னார்கள். கதவு திறந்தது. ஆனால் அந்த ரெண்டு பேரும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை. இப்படியே வரிசையில் ஒவ்வொரு சுவரும் கனத்துக்கொண்டே வந்தது, உறவுக்காரர்கள் நெருப்புக்கூடக் கேட்காமல் இருந்தார்கள். நல்ல சொல் ஒன்றைச் சொல்லிப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் சொல்ல முடியாது, இங்கிலீஷில் அப்படிச் சொல் ஒன்று அந்த வரிசையில் யார் வாயிலும் புழங்கினதில்லை.

சந்தனமாரிக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டுவிட்டது. கிழக்கு வெளுக்கிறபோது அம்மா என்று ஒரு குரல். குருவம்மா எழுந்து விளக்கைப் போட்டால் பாயெல்லாம் நனைந்து கிடக்கிறது. கதவில் மூன்று எழுத்து. சேலையைத் தட்டிச் செருகிக்கொண்டு, கதவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இத்தனை நாள் காத்த சொல்லை, துரை சொன்ன அதே பெருமூச்சோடு சொன்னாள். கதவு ஒரு தடவை அதிர்ந்தது. திறக்கவில்லை. திரும்பச் சொன்னாள். திரும்ப ஒரு அதிர்வுதான். ஜன்னலில் வந்து நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பி, எஃப், யு என்று படித்துவிட்டு, ஆச்சி சொல்கிற சொல்லில் பி மட்டும்தான் இருக்கிறது என்றார்கள்.

வெளியே வர முடிந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்தார்கள். கதவு அடைத்துக் கிடந்தவர்கள் சுவர் வழியாகவே தங்களிடம் மிஞ்சியிருந்ததைக் கத்தினார்கள். பேசாமல் இருந்தவர்கள் பேசினார்கள், பதுக்கி வைத்திருந்தவர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள், சண்டைக்காரிகள் ரெண்டு பேரும் ஒரே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு சொல்லாகச் சொன்னார்கள். கதவு அதிர்ந்து அதிர்ந்து நின்றது. பஃபலோ என்று ஒன்று இருந்ததே, அதில் மூன்று எழுத்தும் உண்டே என்று ஒரு பிள்ளை சொன்னது. எல்லாரும் இசக்கிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவரின் கதவுக்கு, ஒரு கட்டுப் புகையிலைக்காக, அவன் அதை எப்போதோ எறிந்துவிட்டிருந்தான். என்ன பஃபலோ, யார் சொன்னது என்று அவன் அப்பாவியாகக் கேட்டான். ஆஸ்பத்திரியில் இருந்து நர்ஸ் வந்து ஜன்னல் வழியாகவே, காலை மடக்கு, மூச்சை விடு, முக்காதே, முக்கு என்று சொல்லிக்கொண்டு நின்றாள். கம்பிக்குள் கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகவில்லை.

அன்னப்பழம் வந்தாள். தம்பி மகள் அல்லவா, ஓடித்தான் வந்தாள். தன்னிடம் இருந்த சொல்லை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். கேர்ஃபுல் என்றதற்குக் கதவு ரெண்டு தடவை அதிர்ந்தது, எல்லாருக்கும் உயிர் வந்தது, அதோடு நின்றுபோனது.

வலியில் மகள் கையை இறுக்கிப் பிடித்திருந்த அந்த நேரத்தில் குருவம்மாவுக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. அவள் கல்யாணமாகி மலைக்கு வந்த புதுசு. அப்போது இருந்த துரைசானி படம் வரைகிறவள். அன்னப்பழத்தைப் பூந்தொட்டிக்கு முன்னால் நிறுத்திவைத்து வரைந்திருக்கிறாள், வரைந்துகொண்டே தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். அன்னப்பழத்தின் புருஷன் இன்னொருத்தியோடு ஊருக்கு இறங்கிப்போன வருஷம் அது. அன்னப்பழம் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டியிடம் மூச்சுவாங்க அந்தச் சொல்லைச் சொன்னாள். பியூட்டிஃபுல். என்ன அர்த்தம் மதினி என்று கேட்டதற்கு, அழகு என்று அர்த்தமாம் என்றாள். சின்னப்பிள்ளைப் புத்தி, குருவம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் இருந்த பூவைச் சொல்லியிருப்பாள் மதினி என்றாள். அன்னப்பழம் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது குருவம்மா ஜன்னலுக்கு வந்து கம்பியில் முகத்தை வைத்தாள்.

“மதினி, படம் வரையுற துரைசானி உன்னப் பாத்து ஒரு சொல்லு சொன்னாளே. அதச் சொல்லிப் பாரு.”

அன்னப்பழம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அது பூவுக்குச் சொன்னதுன்னு நீதானட்டி சொன்ன” என்றாள்.

“தெரியாமச் சொல்லிட்டேன். உனக்குத்தான் சொன்னா. ஒன்னத் தவிர வேற யாரச் சொல்லுவா? நான் சிரிச்ச வாய்க்குச் செருப்பால அடி மதினி, ஆனா சொல்லிரு.”

அன்னப்பழத்தின் உதடு பிரிந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ்கூட அவள் வாயைப் பார்த்தாள். உள்ளே இருந்து சந்தனமாரி அத்தே என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அந்த உதட்டில் என்ன நின்றது, எந்த மழை, எந்தப் பூந்தொட்டி, யாருடைய நிமிர்ந்த பார்வை என்று வெளியே நின்ற யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் கதவு திறக்கும், ஆனால் அந்த நாள் போய்விடும். அவளுக்கு என்று இருந்ததோ அந்த ஒரே நாள்தான். உதடு மூடிக்கொண்டது.

“அது எப்பமோ செலவாயிட்டு குருவு” என்றாள். “இருந்தா வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்ணுவேன்?”

ஜனங்கள் நம்பினார்கள். கதவு அடைத்து அவளும் எத்தனையோ நாள் பங்களாவுக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஒரு சொல் கையில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா என்றார்கள். குருவம்மாவும் நம்பினாள், நம்பாமல் இருக்க அப்போது அவளுக்குத் தெம்பு இல்லை. மத்தியானத்தில் பிள்ளை வந்தது, சத்தம் போடாமல் வந்தது. அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்லக் குருவம்மா துணியை மாற்றி மாற்றிக் கொடுத்தாள், வீட்டில் இருந்த சேலை எல்லாம் தீர்ந்தது, கடைசியில் தன் கூறைச்சேலையை எடுத்துக் கிழித்தாள். சங்கு ஊதிக் கதவு தானாகத் திறந்தபோது நர்ஸ் உள்ளே ஓடினாள், ஓடின வேகத்திலேயே நின்றாள்.

சாவு வீட்டுக் கதவில் எழுத்து விழுவதில்லை, அந்த ஒரு மரியாதை அந்தக் கதவுகளுக்கு இருந்தது. மறுநாள் காலையில் குருவம்மாவின் கதவு அகலத் திறந்து கிடக்க, மகளையும் பேரப்பிள்ளையையும் வாசலில் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை வந்து சேர்ந்து, சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். எஸ்டேட்டில் அரைநாள்தான் கொடுத்திருக்கிறார்கள், தயவுசெய்து அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார். குழி வெட்டியாயிற்று, தண்ணீர் காய்ச்சியாயிற்று. ஆனால் அவர்கள் வழக்கத்தில் அத்தைக்காரி வந்து முதல் எண்ணெய் வைக்காமல் பொம்பிளைப் பிணத்தைக் குளிப்பாட்டக் கூடாது. அன்னப்பழத்தின் கதவு அடைத்துக் கிடந்தது. ஏ, ஐ, எல், யு என்று பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் படித்துச் சொன்னார்கள். ஒவ்வொருத்தராகப் போய்த் தங்களிடம் இருந்ததைச் சொல்லிப் பார்த்தார்கள். அவளும் உள்ளே இருந்து தன்னிடம் இருந்ததைச் சொன்னாள், கேர்ஃபுல்லும் சொன்னாள், கதவு திறக்கவில்லை. பேசாமல் சாயங்காலச் சங்கு வரைக்கும் அவள் உள்ளேயே இருந்திருந்தால் பாவம் கதவு அடைத்துவிட்டது என்று ஊர் சொல்லியிருக்கும், யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். வெயில் ஏறியது. வேறே யாரையாவது அத்தை முறைக்கு வைத்துச் செய்துவிடலாமா என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். குருவம்மா மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அந்தச் சொல் கேட்டது. கத்தவில்லை, கிசுகிசுக்கவும் இல்லை. கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறவள் மாதிரி, நிறுத்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் இடத்தைக் கொடுத்து, பியூட்டிஃபுல் என்றாள் அன்னப்பழம். கதவு திறந்தது.

எழுத்து தெரியாதவர்களுக்கும் விளங்கிவிட்டது, நேற்றுச் செலவாகிவிட்டது என்று அவள் சொன்ன சொல் இதுதான். கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் வாசலில் வந்து நின்றாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது, வழிவிட்டதா விலகியதா என்று சொல்ல முடியாது. குருவம்மா எழுந்தாள். ரெண்டு நாளாக அவள் நெஞ்சில் ஏறிக்கொண்டு வந்தது எல்லாம் வாய்க்கு வந்து நின்றது.

“அந்தச் சொல்லு நேத்து எங்க இருந்துச்சு மதினி?”

“எந்தச் சொல்லுட்டி?” என்றாள் அன்னப்பழம்.

அவள் முகத்தைக் குருவம்மா பார்த்தாள். அதில் நடிப்பு இல்லை, பயம் இல்லை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. பூந்தொட்டி இல்லை, மழை இல்லை, ஓடிவந்த ஓட்டம் இல்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்த தம்பி பெண்டாட்டியும் இல்லை. துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது அந்த முகம். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. குருவம்மா மட்டும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்னப்பழம் கீழே உட்கார்ந்து, தம்பி மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, அங்கே இருந்த எல்லாரையும்விடக் களங்கமில்லாத அழுகையோடு, அவள் முடியில் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.